ஆஸ்டெக் படையின் கிரேன்காரர்

என் வீட்டுக்காரர் நாலு வருஷமாக ஒரு ராஜ்யத்தை ஆண்டு வருகிறார். அந்த ராஜ்யத்தில் ஒரு குதிரைகூடக் கிடையாது. எதிராளிகள் கவசம் போட்ட குதிரைகளில் தடதடவென்று வந்து இறங்கும்போது, இவருடைய ஆட்கள் கழுகு முகமூடியை மாட்டிக்கொண்டு காலால் ஓடிப்போய் எதிர்த்து நிற்பார்கள். "அந்த விளையாட்டுல இத்தனை நாடு இருக்கே, குதிரை இருக்கிற நாடா பாத்து எடுக்கக் கூடாதா?" என்று நானும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். ஆஸ்டெக் என்றால் ஆஸ்டெக்தான். கல்யாணமான நாளிலிருந்து பற்பசையைக்கூட மாற்றாத மனுஷனிடம் போய் நாட்டை மாற்றச் சொல்கிறேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இது கம்ப்யூட்டர் விளையாட்டு. பழங்கால நாடு ஒன்றை உங்கள் கையில் கொடுத்துவிடுவார்கள். மேலேயிருந்து பார்த்தால் காடு, ஆறு, தங்கச் சுரங்கம், எறும்பு எறும்பாக ஆட்கள். மரம் வெட்ட வேண்டும், பயிர் வைக்க வேண்டும், வீடு கட்ட வேண்டும், படை திரட்ட வேண்டும். நீ ஒரு தடவை, நான் ஒரு தடவை என்ற மரியாதையெல்லாம் இதில் கிடையாது. நீங்கள் மூக்கைச் சொறிகிற நேரத்தில் எதிராளி உங்கள் வயலை அழித்துவிட்டுப் போயிருப்பான். எங்கள் வீட்டில் ஆடுவது ராஜா ஆட்டம். இரண்டு பக்கமும் ஒவ்வொரு ராஜா. ராஜா செத்தால் கதை முடிந்தது, மற்றபடி நாடு எவ்வளவு செழிப்பாக இருந்தாலும் பிரயோஜனம் இல்லை.

அவருக்கு வேலை டவர் கிரேன் ஓட்டுவது. கட்டடம் வளர வளரக் கூடவே வளருமே, நீளக் கையோடு ஒரு மஞ்சள் கிரேன், அதுதான். காலையில் ஏணியில் ஏறினால் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவார். மேலே ஒரு கண்ணாடிக் கூண்டு, ஒரு நாற்காலி, கைக்கு ஒன்றாக இரண்டு பிடிகள். என் தம்பி இந்த விளையாட்டை முதன்முதலில் போட்டுக் காட்டியபோது இவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது நான் தினம் பாக்குறதுதானே" என்றார். வாஸ்தவம்தான். எறும்பு சைஸில் ஆட்கள் மரமும் கல்லும் தூக்கிக்கொண்டு அலைவதை மேலேயிருந்து பார்ப்பதற்கு இவருக்குச் சம்பளமே கொடுக்கிறார்கள்.

ஆஸ்டெக் பிடித்துப்போனதற்கும் அந்த வேலைதான் காரணம். அந்த நாட்டு ஆட்கள் ஒரு நடைக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சுமப்பார்கள். "ஒரு தூக்குக்கு அதிகம் வருதுடா மாப்ள" என்று என் தம்பியிடம் அவர் சொன்னபோது முகத்தில் வந்த வெளிச்சத்தை எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை. மெக்சிகோ பக்கத்திலிருந்த அந்த நாட்டில் அந்தக் காலத்தில் குதிரையே கிடையாதாம். கடல் கடந்து வந்தவர்கள் கப்பலிலிருந்து இறக்கிய பிறகுதான் முதன்முதலாகப் பார்த்தார்களாம். "இல்லாததை நினைச்சு ஏங்கல, இருக்கிறதை வச்சு நடந்தே சாதிச்சிருக்காங்க" என்பார். எங்கள் வீட்டில் ஸ்கூட்டர் இன்னும் வாங்காததற்கும் இதுதான் பதிலோ என்று எனக்குச் சந்தேகம்.

இனி என் தம்பிக்கு வருகிறேன். கிரேன் கூண்டிலிருந்து எல்லாம் தெரியும் என்று நினைக்காதீர்கள். சுவருக்குப் பின்னால், குழிக்குள், இரண்டு தூணுக்கு நடுவில் என்று பாதி இடம் மறைந்துவிடும். அங்கெல்லாம் கீழே நிற்கிற ஒருவர் வாக்கி டாக்கியில் சொல்லச் சொல்லத்தான் சுமையை இறக்க முடியும். அந்த ஒருவர் என் தம்பி. "இறக்கு, இறக்கு, இறக்கு, இறக்கு" என்று சுமை தரையைத் தொடும்வரை அவன் வாய் ஓயாது. வாயாடித்தனம் இல்லை, வேலையின் சட்டமே அப்படி. வாக்கி டாக்கி திடீரென்று செத்துப்போகலாம், கீழே நிற்கிறவன் தடுக்கி விழலாம், மேலே இருப்பவருக்கு எப்படித் தெரியும்? அதனால் குரல் வருகிறவரைதான் கை அசைய வேண்டும். குரல் நின்றால் அந்த நொடியே கை நின்றுவிட வேண்டும். இரண்டு மூன்று குரல் சேர்ந்து கேட்டாலும் நிறுத்திவிட வேண்டும். நான் கிரேன் பக்கம் போனதே இல்லை, ஆனாலும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன்.

என்னைப் பார்க்க வருவதற்கு ஒரு வருஷம் முன்பிருந்தே இவர் என் தம்பியின் குரலைக் கேட்டுப் பழகியவர். "மேல ஒருத்தர் இருக்கார்க்கா, நான் ஆயிரம் சொன்னா அவர் ஒரு 'சரி' சொல்வார், அவ்வளவுதான்" என்று தம்பி சொல்லிச் சிரிப்பான். பெண் பார்க்க வந்தபோது அப்பா என்னென்னவோ கேட்டார். எல்லாவற்றுக்கும் 'சரி' என்றார். என்னைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்கும் 'சரி' என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தம்பிதான், "அக்கா, அவர் சரின்னு சொன்னா அந்தச் சுமையைக் கீழ போட மாட்டார்க்கா" என்றான். ஒன்பது வருஷமாகிறது, இதுவரை போடவில்லை.

அந்தச் சட்டம் அவர் எலும்புக்குள் எவ்வளவு ஊறியிருக்கிறது என்பதை நாங்கள் வீடு மாறிய அன்று பார்த்தேன். இவரும் தம்பியும், மாமாவும் மாப்பிள்ளையுமாக, துணி துவைக்கும் மெஷினைப் படியில் இறக்கினார்கள். மெஷினைக் கட்டிப் பிடித்திருந்த இவருக்குப் படி தெரியவில்லை. தம்பி கீழே நின்று, "வா, வா, வா, வா" என்றான். பாதிப் படியில் அவனுக்குத் தும்மல் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று அடுக்குத் தும்மல். இவர் ஒரு காலைத் தூக்கியபடி, மெஷினை மார்போடு அணைத்துக்கொண்டு, பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி நின்றுவிட்டார். நான் மேலேயிருந்து, "வாங்க, படி இருக்கு, கால வைங்க" என்று கத்துகிறேன், காதில் ஏறவே இல்லை. தம்பி மூக்கைத் துடைத்துக்கொண்டு 'வா' என்ற பிறகுதான் அந்தக் கால் இறங்கியது. பெண்டாட்டி குரலுக்கு மதிப்பில்லாத வீடு என்று அன்றைக்கு முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

விளையாட்டிலும் இதே கூத்துதான். மௌஸ் இவர் கையில், கண் திரையின் நடுவில். மூலையில் நாடு முழுவதும் தெரிகிற சின்ன வரைபடத்தை இவர் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். அது தம்பியின் இலாகா. "வடக்கே ரெண்டு குதிரை மாமா... மரம் வெட்றவங்கள உள்ள இழு, இழு, இழு... ஈட்டிக்காரன அனுப்பு... கழுகுப் படை கிழக்க, கிழக்க, கிழக்க" என்று பக்கத்து நாற்காலியிலிருந்து ஓயாமல் வரும். தம்பி பிஸ்கட்டை வாயில் போட்டால் ஆஸ்டெக் சாம்ராஜ்யமே வேலைநிறுத்தம் செய்துவிடும். நான் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் இருக்கிறேன், நாள் முழுக்க வாய்களைப் பற்றியே பேச்சு. வீட்டுக்கு வந்தாலும் ஒரு வாய் ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த வாயும் அந்தக் கையும் சேர்ந்துவிட்டால் பார்க்கிறவளுக்கு மயிர்க்கூச்செறியும். சமையலை விட்டுவிட்டுக் கரண்டியோடு வந்து நின்று பார்த்திருக்கிறேன்.

இந்த ஜோடியைத்தான் பிரிக்கப்போவதாகச் செய்தி வந்தது.

கட்டடம் முடிகிற தறுவாயில் இருந்தது. சைட் மேனேஜர், நாற்பது வயசுக்காரர், நல்ல மனுஷன், அடுத்த வேலைக்கு யார் யார் எங்கே என்று பிரித்தபோது, இவருக்கு நகரத்துக்குள் எழும்பப்போகிற உயரக் கட்டடத்தையும், என் தம்பிக்கு ஒரு நாள் பயணத் தொலைவில் இருக்கிற துறைமுக வேலையையும் ஒதுக்கினார். இவர் போய்க் கேட்டாராம். மேனேஜரிடம் முதல் தடவையாக 'சரி' என்பதற்கு மேல் பேசியிருக்கிறார்.

"சார், எனக்கு அந்தக் குரல் வேணும்."

"அதனாலதான் பிரிக்கிறேன்" என்றாராம் மேனேஜர். "ரொம்பப் பழகின ஜோடி ஒருத்தர் மனசு ஒருத்தருக்குத் தெரியும்னு நினைச்சுக்குவாங்க. அவன் சொல்றதுக்கு முன்னாடியே இவர் கை போயிடும். பழைய சைட்டுல என் கண்ணு முன்னாடி ஒருத்தன் காலு போச்சு. ஓட்டுனவரைக் கேட்டா, 'அவன் எப்பவும் அடுத்து இறக்குன்னுதான் சொல்வான், அதான் இறக்கிட்டேன்'னு அழுவுறாரு. நீங்க அப்படின்னு சொல்லல. ஆனா நான் கீழ நின்னு பாக்குறப்ப எல்லாரும் ஒழுங்காத்தான் இருப்பீங்க. நான் இல்லாதப்ப எப்படின்னு எனக்கு எப்படித் தெரியும்?"

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். புதுக் கட்டடம் இதைவிட இரண்டு மடங்கு உயரம். முகம் தெரியாத ஒருவனின் குரலை நம்பி, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், கீழே நிற்கிற ஆட்களின் தலைக்கு மேல் டன் கணக்கில் இறக்க வேண்டும். "பயமா இருக்கு" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை.

வேலை முடிகிற கொண்டாட்டமாகக் கேன்டீனில் விளையாட்டுப் போட்டி வைத்தார்கள். கேரம், கயிறு இழுத்தல், அப்புறம் இந்த ராஜா ஆட்டம். சைட் முழுக்க இந்தப் பைத்தியம் பிடித்திருந்தது, மேனேஜருக்கும் சேர்த்து. ஜோடியாக ஆட வேண்டும், ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர். மேனேஜரும் ஸ்டோர் கீப்பரும் ஒரு ஜோடி. அவர்களுடைய நாடு பழைய ஐரோப்பாவின் ஃபிராங்குகள், குதிரை என்றால் அப்படி ஒரு குதிரை. இவரும் தம்பியும் ஒவ்வொரு சுற்றாக ஜெயித்து ஏறினார்கள், அவர்களும் ஏறினார்கள். கடைசி ஆட்டத்தில் ஃபிராங்குக்கும் ஆஸ்டெக்குக்கும் மோதல் என்று முடிவானதும் என் தம்பி எல்லார் முன்னாலும் வாயைவிட்டான்.

"சார், உங்களை ஜெயிச்சா என்னைத் துறைமுகத்துக்கு அனுப்பக் கூடாது."

மேனேஜர் சிரித்துவிட்டார். "என் ராஜாவைக் கொல்லு, அனுப்பல" என்றார். கேன்டீனே மேஜையைத் தட்டியது.

ஞாயிற்றுக்கிழமை மதியம். நானும் போயிருந்தேன். கேன்டீனில் நிற்க இடமில்லை, ஜன்னலில்கூட ஆட்கள். இரண்டு கம்ப்யூட்டரையும் எதிரெதிராக வைத்து, ஆட்டம் சுவரில் பெரிதாகத் தெரிகிற மாதிரி செய்திருந்தார்கள். ஆடுகிறவர்களுக்கு அது பக்கவாட்டில், திரும்பினால்தான் தெரியும். சத்தத்தில் பக்கத்தில் இருப்பவன் பேசுவதுகூடக் கேட்காது என்று மாமாவும் மாப்பிள்ளையும் வேலை வாக்கி டாக்கிகளையே கொண்டு வந்துவிட்டார்கள். இவர் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, அரை முழம் தள்ளி உட்கார்ந்திருக்கிற தம்பியின் குரலை ரேடியோ வழியாகக் கேட்கிறார். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆட்டம் ஆரம்பித்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது.

என்ன ஆட்டம் அது, சொல்கிறேன் கேளுங்கள். ஆரம்பத்திலேயே குதிரைகள் வந்து எங்கள் வயலில் புகுந்தன. தம்பி, "உள்ள, உள்ள, உள்ள" என்கிறான், இவர் ஆட்களை மொத்தமாகக் கட்டடத்துக்குள் இழுத்துவிட்டார், ஒரு உயிர் போகவில்லை. குதிரை திரும்புகிறது, ஈட்டிக்காரர்கள் எழுந்து நிற்கிறார்கள். இந்தப் பக்கம் பூசாரிகள் கையைத் தூக்கி மந்திரம் சொல்ல, மேனேஜரின் குதிரைவீரன் ஒருவன் அப்படியே நிறம் மாறி எங்கள் பக்கம் வந்துவிட்டான். நாலு வருஷத்தில் எங்கள் ராஜ்யத்துக்கு வந்த முதல் குதிரை. "வச்சுக்கோங்க, வச்சுக்கோங்க" என்று நான் கத்தியிருக்கிறேன், பிறகு பக்கத்திலிருந்தவர்கள்தான் சொன்னார்கள்.

அப்புறம் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் முட்டிக்கொண்டது. அவர்களுடைய இடிவண்டிகள் எங்கள் கோட்டையை முட்டுகின்றன, சுற்றிலும் குதிரைகள். எங்கள் ராஜா அந்தக் கோட்டைக்குள் இருக்கிறார். அங்கே எங்கள் ஆட்கள் அவர்களுடைய கோட்டையை இடிக்கிறார்கள், அவர்களுடைய ராஜா அதற்குள். யார் கோட்டை முதலில் விழுகிறது என்பதுதான் பாக்கி. "அடி, அடி, அடி, அடி" என்று தம்பியின் குரல் ஒரே தாளத்தில், இவருடைய கை ஒரே ஓட்டத்தில். திரையின் ஓரத்தில் அவர்கள் கோட்டைக்குத் தீப்பிடிக்கிறது. எங்கள் கோட்டைக்கும் தீ.

அவர்களுடைய கோட்டை முதலில் விழுந்தது.

புழுதி அடங்கினால், ஃபிராங்கு ராஜா வெட்டவெளியில் தன்னந்தனியாக நிற்கிறார். இருபது கழுகு வீரர்கள் அவருக்கு எட்டுகிற தூரத்தில். ஒரே ஒரு சொல் போதும். ஒரு தட்டுப் போதும். துறைமுகமும் இல்லை, பிரிவும் இல்லை.

என் தம்பி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டான். வாய் திறந்தது திறந்தபடி நிற்கிறது, ஈ புகுந்தாலும் தெரியாது, சத்தம் மட்டும் வரவில்லை. சந்தோஷத்தில் அவனுக்கு மூச்சே அடைத்துவிட்டது.

இவர் கை நின்றது.

கேன்டீன் மொத்தமும் கத்தியது. "அடி", "ராஜா, ராஜா", "இடது பக்கம்", "கிளிக் பண்ணுங்கண்ணே" என்று நூறு குரல். நானும் கத்தினேன், தொண்டை கிழியக் கத்தினேன். அவர் என்ன செய்தார் தெரியுமா? மௌஸிலிருந்து கையையே எடுத்துவிட்டார். இரண்டு உள்ளங்கையையும் மடியில் வைத்துக்கொண்டார். ராஜா அவர் கண்ணெதிரே, திரையின் நடுவில், ஓடத் தொடங்கினார். கழுகு வீரர்கள் சொல்வாரின்றி, பக்கத்தில் நின்ற குதிரைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

இவர் மார்பில் மாட்டியிருந்த பொத்தானை அழுத்தி, கூண்டில் பேசுகிற அதே நிதானத்தில் சொன்னார். "மாப்ள, குரல் வரலை. கை எடுத்துட்டேன். நீ நல்லா இருக்கியா?"

அதை நான் எங்கிருந்து கேட்டேன் என்றால், மேனேஜரின் இடுப்பிலிருந்து. அவர் பழக்கதோஷத்தில் தன்னுடைய வாக்கி டாக்கியையும் செருகிக்கொண்டு வந்திருந்தார், அதே அலைவரிசை. அதுவரை கூச்சலில் அமுங்கியிருந்தது, இவர் கையை எடுத்ததும் கூட்டம் திகைத்த நொடியில்தான் கேட்டது. எதிர் வரிசையில் மௌஸைப் பிடித்தபடி இருந்த மேனேஜர் தலையைத் தூக்கிப் பார்த்தார். அந்தப் பக்கம் ஸ்டோர் கீப்பர் சும்மா இருப்பாரா, "சார் சார் சார்" என்று உலுக்கினார். எங்கள் கோட்டை சரிந்தது. எங்கள் ராஜா குதிரைகளுக்கு நடுவில் வந்து விழுந்தார். முடிந்தது.

தம்பிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "அடி மாமா" என்றான். யாரும் சிரிக்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை முட்டியது, அதே நேரத்தில் நாலு அறை விட வேண்டும் என்றும் இருந்தது. நாள் முழுக்க ஊரார் வாயைத் திறக்கவைக்கிற இடத்தில் வேலை பார்க்கிற அக்காவுக்குத் தம்பியாகப் பிறந்துவிட்டு, வேண்டிய நேரத்தில் ஒரு வார்த்தை வரவில்லையே என்று ஆத்திரம். இவர் காதிலிருந்து ஒயரைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தார். எழுந்திருக்கவில்லை.

ஜெயித்தவர் எழுந்து குதிக்க வேண்டியதுதானே, மேனேஜர் குதிக்கவில்லை. மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்தார்.

"ராஜா உங்க கண்ணு முன்னாடி நின்னாரே. பாத்தீங்கல்ல?"

"பாத்தேன் சார்."

"அவன் அடுத்து என்ன சொல்லப்போறான்னு தெரியுமா தெரியாதா?"

"தெரியும் சார். அடின்னு சொல்வான்."

"அப்புறம் ஏன் அடிக்கல?"

இவர் அந்த ஆளை, குழந்தைத்தனமாக எதையோ கேட்டுவிட்டவரைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "அவன் சொல்லலையே சார்" என்றார்.

மேனேஜர் சுவரில் உறைந்துபோயிருந்த ஆஸ்டெக் கோட்டையின் இடிபாடுகளைப் பார்த்தார். தன் இடுப்பு வாக்கி டாக்கியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "துறைமுகத்துக்கு வேற ஆள் பாத்துக்கறேன்" என்றார். "நீங்க ரெண்டு பேரும் புதுக் கட்டடத்துக்கே போங்க."

"சார், தோத்துட்டோமே" என்றான் தம்பி, இவன் வாய்க்கு வேளை கெட்ட வேளையில்தான் பேச்சு வரும்.

"நீ தோத்த" என்றார் மேனேஜர். "அவர் தோக்கல."

கேன்டீன் அதிர்ந்தது. யாரோ என் தம்பியைத் தோளில் தூக்கினார்கள், அவனுக்கு மறுபடியும் வாய் திறந்து நின்றுவிட்டது. "வாயை மூடுடா" என்றேன். பல் மருத்துவமனையில் இத்தனை வருஷ வேலையில் நான் யாரையும் வாயை மூடச் சொன்னதில்லை. நானும் இவரும் நடந்தே வீட்டுக்கு வந்தோம். பாதி வழியில், "அந்தக் குதிரை கடைசிவரைக்கும் உயிரோடதான் இருந்துச்சு, பாத்தியா?" என்றார். பார்த்தேன் என்றேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இன்னும் வேர்த்திருந்தது.

இப்போது நான் வேலைக்குப் போகிற பஸ் புதுக் கட்டடத்தைத் தாண்டித்தான் போகிறது. கூண்டு அவ்வளவு உயரத்தில் ஒரு தீப்பெட்டி அளவுக்குத்தான் தெரியும், உள்ளே இருக்கிறவரைப் பார்க்க முடியாது. இன்று காலை சிக்னலில் பஸ் நின்றபோது எட்டிப் பார்த்தேன். கம்பிக்கட்டு ஒன்று சுவருக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது, நிற்காமல், ஒரே சீராக. என் தம்பி பேசிக்கொண்டிருக்கிறான்.